துளை சிறிது, துரோகம் பெரிது!

பல்லடத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காடா துணிக்குப் பெயர்பெற்ற ஊர் இது. கறிக்கோழி விலையை நாள்தோறும் நாட்டுக்கு அறிவிக்கும் ஊர். இங்கே இரவு பகல் என்ற வேற்றுமையின்றிச் சடசடவென்று கேட்பது விசைத்தறியின் ஓசையேயன்றி வெடியோசை அன்று. மேற்கே சூலூரில் விமானப்படைத் தளம் உண்டு. அங்கிருந்து எழும்பும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நமக்கும் படைக்கலத்துக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலே துப்பாக்கிக் குழலையும், அந்தக் குழலில் இட்ட ஓர் ஊசித்துளையையும் பற்றி எழுத வேண்டிய அவசியம் என்ன?

அவசியம் உண்டு. திருச்சியிலே நிற்கும் நமது துப்பாக்கித் தொழிற்சாலைக்கு டில்லி ஆட்சியாளர் இழைத்திருக்கும் கேட்டினைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் பேரேடும் வேண்டாம், பாதுகாப்புத் துறையின் பளபளப்பான அறிக்கையும் வேண்டாம். பல்லடத்துத் தறிப்பட்டறை ஒன்றில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

நாடாத் தறியைப் பாருங்கள். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிட, அந்த வழியிலே நாடா பாய்கிறது. அதை அடித்து அனுப்புவது ஒரு தடி. அந்த அடி குறைந்தால் நாடா எதிர்ப்பெட்டியைச் சேராது, நடுவழியில் சிக்கும், பாவு இழைகள் கொத்துக் கொத்தாக அறும். அடி மிகுந்தாலோ, எதிர்ப்பெட்டியில் மோதித் திரும்பும், தோல்வார் அறும், தடி முறியும், சில வேளைகளில் நாடா தறியை விட்டே பறந்து தொழிலாளியின் முகத்தைப் பதம் பார்க்கும். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு! சரியான அடி எது என்பதை எந்தப் புத்தகமும் முடிவாகச் சொல்லிவிடாது. ஃபிட்டர் சொல்வார். தறியின் ஓசையைக் காதால் கேட்டு, மரையைக் கால் சுற்றுத் திருகி, மறுபடி ஓட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் திருகிச் சொல்வார். நூலின் எண் மாறினால் மீண்டும் திருகுவார். தறியின் அகலம் மாறினால் முதலிலிருந்து தொடங்குவார். “அண்ணா, இன்னிக்கு அடி பலமா விழுகுதுங்க” என்று நெய்கிற பெண் குரல் கொடுத்தால், மறு நிமிடம் ஃபிட்டர் அங்கே நிற்பார். நெய்கிறவருக்கும் ஃபிட்டருக்கும் இடையே பத்தடி தூரம். அந்தப் பத்தடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் வருவேன்.

நாடா இல்லாத தறிகளும் வந்துவிட்டன. பல்லடத்து நெசவுப் பூங்காவில் நவீனத் தறிகள் ஓடுகின்றன. ஏர்ஜெட் தறியிலே ஊடை நூலைக் காற்றே ஏந்திச் செல்கிறது. அங்கே ஃபிட்டருக்கு இரண்டே கவலைகள்: காற்றின் அழுத்தம் எவ்வளவு, அது திறந்து மூடும் நேரம் எவ்வளவு. அழுத்தம், நேரம்! இந்த இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டவருக்குத் துப்பாக்கியின் நுட்பத்தில் பாதி தெரிந்துவிட்டது என்றே சொல்வேன்.

அரைத் தானியங்கித் துப்பாக்கி என்பது என்ன? விரலை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகிறது. பழைய .303 துப்பாக்கியில் வெற்று உறையை வெளியே தள்ளவும் அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றவும் போர்வீரன் கையால் போல்ட்டை இழுக்க வேண்டும். புதிய துப்பாக்கியிலே அந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? குண்டைத் தள்ளிய அதே வெடிமருந்துப் புகையிலிருந்து. குழலின் மேற்புறத்தில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. குண்டு அந்தத் துளையைக் கடந்த கணத்திலே, அதன் பின்னால் சீறி வரும் வாயுவில் ஒரு சிறு பங்கு துளை வழியே மேலேறுகிறது. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைத் திறக்கிறது. உறை வெளியே தெறிக்கிறது. சுருள்வில் போல்ட்டை முன்னே தள்ள, அடுத்த தோட்டா ஏறுகிறது. குண்டு குழலின் வாயைவிட்டு வெளியேறியதும் அழுத்தம் வடிந்துவிடும். ஆகவே, துளையைக் கடந்ததற்கும் வாயைக் கடந்ததற்கும் இடைப்பட்ட நேரமே பிஸ்டனுக்குக் கிடைக்கும் கூலி.

எவ்வளவு நேரம் தெரியுமா? அமெரிக்காவின் எம்-16 துப்பாக்கியின் குழல் 508 மில்லிமீட்டர். அதிலே இந்த இடைவேளை, ஒரு விநாடியை ஐயாயிரம் கூறாக்கினால் ஏறத்தாழ ஒரு கூறு. அதே துப்பாக்கியைக் குறுக்கிக் குழலை 262 மில்லிமீட்டராக்கினார்கள். அப்போது அந்த இடைவேளை ஏறத்தாழப் பாதியாயிற்று. நேரம் பாதி, ஆனால் வேலை அதே வேலை. நேரம் குறைந்ததே என்று துளையைப் பெரிதாக்கினால் வாயு வெள்ளமாகப் பாயும். குறுகிய குழலிலே துளையும் வெடிமருந்து அறைக்கு அருகே நகர்ந்துவிடுவதால் அங்கே அழுத்தமும் மிகுதி. அழுத்தம் முற்ற வடியுமுன் போல்ட் திறந்தால், அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் உறையை எடுப்பான் பிய்க்கும். உறையின் விளிம்பு கிழியும். போல்ட்டின் பற்கள் நாளடைவில் முறியும். துளையைச் சிறிதாக்கினாலோ, போல்ட் பாதி வழி வந்து திரும்பும். உறை வாயிலில் சிக்கும். எதிரி எதிரே நிற்க, வீரன் கையிலே இருப்பது வெறும் இரும்புத் தடி! நாடாத் தறியின் கதையேதான். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

இதற்கு மேல் இந்திய நாட்டின் தட்பவெப்பம் வேறு. சியாச்சினிலே உறைநிலைக்குக் கீழே முப்பது டிகிரியைத் தாண்டிய குளிர். ராஜஸ்தானத்துப் பலோடியிலே 2016 மே மாதத்தில் 51 டிகிரி வெயில். குளிரிலே வெடிமருந்தின் வேகம் தளரும், எண்ணெய் கட்டியாகும். வெயிலிலே அழுத்தம் ஏறும், மணல் புகும். ஒரே துளை இரண்டுக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வீரனே திருகிக்கொள்ளும்படி ஒரு சீராக்கி வேண்டும். நமது படை நெடுங்காலம் ஏந்திய 1ஏ1 துப்பாக்கியில் அத்தகைய சீராக்கி இருந்தது. ஊரிலே ஓய்வுபெற்ற படைவீரர்கள் இருக்கிறார்களே, கேட்டுப்பாருங்கள். வாயுவை வெளியே விடும் வாயை நன்றாகத் திறந்துவைத்து ஒரு தோட்டா சுடுவது, இயங்கவில்லையானால் ஒரு படி மூடுவது, மறுபடி சுடுவது, சரியாக இயங்கத் தொடங்கியதும் பாதுகாப்புக்காக இன்னும் இரண்டு படி மூடி நிறுத்துவது என்று விரல் அசைவோடு சொல்லிக்காட்டுவார்கள். ஃபிட்டரின் மரையும் படைவீரனின் சீராக்கியும் ஒரே சாதிப் பொருள். சாதி ஒழிப்புப் பேசுகிற நாம் இந்த ஒரு சாதியை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்!

இப்போது உலகத்தைப் பாருங்கள். முதல் முயற்சியிலேயே பழுதற்ற துப்பாக்கி செய்த நாடு உண்டா? வல்லரசு என்று மார்தட்டும் அமெரிக்கா, 1960-களில் எம்-16 துப்பாக்கியை வியட்நாமுக்கு அனுப்பிற்று. வடிவமைத்தபோது பயன்படுத்திய வெடிமருந்து ஒன்று; போர்க்களத்துக்கு அனுப்பிய தோட்டாவில் நிரப்பிய வெடிமருந்து வேறொன்று. புதிய மருந்தினால் துப்பாக்கியின் வேகம் கூடிற்று, கரி படிந்தது. துடைக்கத் துணியும் கோலும்கூடச் சரியாகக் கொடுக்கவில்லை. சுடாமல் நின்றுபோன துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே இளைஞர்கள் மாண்டார்கள். தாய்மார்களுக்குக் கடிதங்கள் சென்றன. 1967-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபையின் துணைக்குழு விசாரணை நடத்திக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு என்ன செய்தார்கள்? துப்பாக்கியைக் குப்பையில் எறிந்துவிட்டு ருஷ்யாவிடம் கைநீட்டினார்களா? அறைக்குக் குரோமியம் பூசினார்கள். பின்னால் நிற்கும் தணிப்பானை மாற்றினார்கள். துடைக்கும் பொருளைக் கொடுத்தார்கள். பின்னாளில் அதே துப்பாக்கியைக் கடற்படையின் சிறப்புப் படையினருக்காக நான் மேலே சொன்ன 262 மில்லிமீட்டருக்குக் குறுக்கியபோது, வாயுத் துளையை ஏறத்தாழ 1.57 மில்லிமீட்டரிலிருந்து 1.78 மில்லிமீட்டராக விரித்தார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு! அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்க எத்தனை ஆயிரம் தோட்டாக்களைச் சுட்டுத் தள்ளினார்களோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

சோவியத் நாடு 1979-இல் தன் ஏ.கே. துப்பாக்கியை 206 மில்லிமீட்டர் குழலாகக் குறுக்கிற்று. குழலின் வாயிலே ஒரு குடுவை போன்ற அறையைப் பொருத்தி, வெளியேறும் வாயுவைச் சற்று நேரம் தடுத்து நிறுத்திப் பிஸ்டனுக்கு வேண்டிய அழுத்தத்தைப் பெற்றார்கள். குழலை வெட்டிவிடுவது கொல்லன் வேலை. வெட்டியபின் இயங்கச் செய்வது பொறியாளன் வேலை.

பிரிட்டனின் கதை இன்னும் சுவையானது. 1985-இல் அவர்கள் படையில் சேர்த்த எஸ்.ஏ.-80 துப்பாக்கி ஊரெல்லாம் சிரிக்கும்படி ஆயிற்று. சிக்கும், உதிரும், நிற்கும். பத்திரிகைகள் கிழித்தன. அரசாங்கம் என்ன செய்தது? 2000-ஆம் ஆண்டையொட்டி 9 கோடியே 20 லட்சம் பவுன் செலவிட்டு, ஏறத்தாழ இரண்டு லட்சம் துப்பாக்கிகளின் போல்ட்டையும் எடுப்பானையும் வாயு உருளைப் பகுதிகளையும் மேகசினையும் மாற்றிப் புதுப்பித்தது. அதன்பின், அதே துப்பாக்கியைக் குறுக்கி டாங்கிப் படையினருக்குக் கார்பைனும் செய்துகொண்டது. முதலில் திருத்தம், பிறகு குறுக்கம். அவமானப்பட்டவர்கள் செய்த காரியம் இது. நம்மவர்கள் செய்த காரியத்தை இனிப் பார்ப்போம்.

1962-இல் சீனப் படை இமயத்தைத் தாண்டியபோது, நமது வீரர்களில் பெரும்பாலோர் கையிலே இருந்தது .303 துப்பாக்கி. எதிரி தானியங்கி ஏந்தி வந்தான். நம்மவன் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுட்டான். அந்த வெட்கத்துக்குப் பின்னர் படைக்கலத் தொழிற்சாலைகள் பெருகின. 1966-இல் திருச்சித் தொழிற்சாலையை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். பொட்டல் வெளியிலே ஓர் ஊர் எழுந்தது. ஐ.டி.ஐ. படித்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே சென்று குழல் கடையவும், துளையிடவும், அளவுமானியைப் பிடித்து மைக்ரான் பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். தந்தை கற்ற தொழிலிலே மகனும் பயிற்சியாளனாகச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு.

பிறகு வந்தது இன்சாஸ். புனேயில் உள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையம் வடித்தது. ஈஷாப்பூரிலும் கான்பூரிலும் திருச்சியிலும் செய்தார்கள். 1998 குடியரசு நாள் அணிவகுப்பிலே நாடு அதைப் பார்த்தது. 464 மில்லிமீட்டர் குழல், 5.56 மில்லிமீட்டர் தோட்டா, ஏ.கே.யின் நீண்ட பிஸ்டன். 1ஏ1-இல் இருந்ததைப் போன்ற வாயுச் சீராக்கி. மறு ஆண்டே கார்கில். குளிரிலே மேகசின்கள் விரிந்தன. மூன்று குண்டோடு நிற்க வேண்டியது சில வேளைகளில் நிற்காமல் ஓடிற்று. சுடுகிறவன் கண்ணிலே எண்ணெய் தெறித்தது. 2005-இல் நேபாள ராணுவமும் குறை கூறிற்று.

இந்தக் குறைகளை மூடி மறைக்க நான் பேனா எடுக்கவில்லை. திருச்சித் தொழிலாளி செய்ததென்பதற்காகச் சிக்கும் துப்பாக்கியைச் சிறந்த துப்பாக்கி என்று சொல்வோமானால், அதை ஏந்தி நிற்கிற நம் பிள்ளைக்கே நாம் பகைவர்களாவோம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வீரனும் தமிழ்த் தாயின் மகன்தான்; திருச்சித் தொழிலாளியும் தமிழ்த் தாயின் மகன்தான். ஒருவன் உயிருக்கும் மற்றவன் வேலைக்கும் பகைமூட்டி வேடிக்கை பார்க்கிறவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். நாம் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. தொழிற்சாலைகளிலும் பிழை இருந்தது. தரம் பார்க்கிற கண் சில காலம் அயர்ந்தது உண்மை. ஆனால் கேட்கிறேன்: கார்கிலில் கண்ட குறையை ஃபிட்டரிடம் சொல்வதற்குப் போர்வீரனுக்கு எத்தனை அடி தூரம்? பல்லடத்துப் பட்டறையிலே பத்தடி. இந்திய ராணுவத்திலோ, வீரனிடமிருந்து படைப்பிரிவு, படைப்பிரிவிலிருந்து தலைமையகம், தலைமையகத்திலிருந்து அமைச்சகம், அமைச்சகத்திலிருந்து கல்கத்தாவில் இருந்த தொழிற்சாலை வாரியம், வாரியத்திலிருந்து தொழிற்சாலை! கோப்பு அந்தத் தூரத்தைக் கடந்து வருவதற்குள் வீரன் ஓய்வு பெற்றுவிடுவான்.

இன்சாஸ் ஒரு தனித் துப்பாக்கி அன்று, ஒரு குடும்பம். ரைபிள், லேசு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் என்று மூன்று பிள்ளைகள் பிறப்பதாகத் திட்டம். முதல் இரண்டும் பிறந்தன. மூன்றாவதான கார்பைன், அதாவது குறுங்குழல் துப்பாக்கி, ராணுவத்தின் கைக்கு வந்து சேரவேயில்லை. ஏன்? நான் மேலே விளக்கிய தொல்லைதான். நீண்ட குழலுக்கென்று செய்த தோட்டாவைக் குட்டைக் குழலிலே சுட்டால் தீ நாக்கு நீளும், ஓசை செவியைப் பிளக்கும், வாயு அடங்காது. அடக்கப் பொறுமை வேண்டும், பணம் வேண்டும், ஒரே கூட்டம் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து சுட்டுச் சுட்டுத் திருத்த வேண்டும். விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள்: குட்டைக் குழலுக்கென்றே 5.56×30 என்ற சிறிய தோட்டா. அதைச் சுடும் கார்பைன் 2020 டிசம்பரில் இறுதிச் சோதனையில் தேறிற்று என்று டி.ஆர்.டி.ஓ. அறிவித்தது. கைதட்டினோம். ஆனால் ராணுவம் பெருவாரியாக வாங்க முனைந்தது 5.56×45 தோட்டா சுடும் கார்பைனை! தேர்வு எழுதி முடித்த மாணவனிடம், பாடத்திட்டம் வேறு என்று சொல்லுகிற பள்ளிக்கூடம் இது.

நீளக் குழலின் கதையும் வேறன்று. இன்சாஸைத் திருத்தி, குழலை 400 மில்லிமீட்டராக்கி எக்ஸ்காலிபர் என்றொரு துப்பாக்கி செய்தார்கள். திருத்தம் முற்றுமுன் ராணுவத்தின் மனம் 7.62 தோட்டாவின் பக்கம் திரும்பிவிட்டது. 2011-இல் குழல் மாற்றிப் பல தோட்டா சுடும் மாயத் துப்பாக்கி அறுபத்தாறாயிரம் வேண்டுமென்று வெளிநாட்டாரை அழைத்தார்கள். 2015-இல் அந்த டெண்டரை ரத்துச் செய்தார்கள். 2018-இல் அவசரம் அவசரம் என்று 93,895 கார்பைன்களுக்கு அரபு எமிரேட் நாட்டுக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார்கள், 2020-இல் கைவிட்டார்கள். அவசரத்தின் ஆயுள் இரண்டு ஆண்டு! 2019-இல் அமெரிக்காவிடம் 72,400 சிக் துப்பாக்கிகள் வாங்கினார்கள். 2024-இல் மேலும் 73,000-க்கு ஒப்பந்தம் போட்டார்கள். இத்தனை ஆண்டும் நெருங்கிய சண்டைக்குப் போகிற வீரன் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பரம்பரையைச் சேர்ந்த 9 மில்லிமீட்டர் கார்பைனைச் சுமந்தான். அதிலே வாயுத் துளையே கிடையாது. ஆதலால் டில்லிக்குத் தலைவலியும் கிடையாது போலும்.

ஏ.கே.-203 கதையைத் தனியே சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்து அமேதியில் கோர்வா தொழிற்சாலைக்குப் பிரதமர் விழா எடுத்தார். ஆறு லட்சத்துச் சொச்சம் துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில்தான் கையெழுத்தாயிற்று. 2024 ஜூலை வரை கைக்கு வந்தவை 35,000. அந்தக் கூட்டு நிறுவனத்திலே நமது அரசுத் தொழிற்சாலைகளின் பக்கத்துக்குச் சரிபாதிக்குச் சற்று மேலான பங்கு உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் துப்பாக்கி சுடும் தோட்டா எது? 7.62×39. அதன் வாயு முறை எது? ஏ.கே.யின் நீண்ட பிஸ்டன். அதே தோட்டாவை, அதே பிஸ்டன் முறையில் சுடுகிற ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ திருச்சியிலே செய்யப்பட்டு, காவல் படைகளின் கைக்குச் சென்றிருக்கிறது. அந்த வாயுத் துளையை இட்டுப் பழகிய கைகள் காவிரிக் கரையிலே இருக்க, ராணுவத்தின் புதிய துப்பாக்கிக்குத் தாயகம் கோமதிக் கரையிலே தேடப்பட்டது ஏன்? தொகுதியின் பெயரைக் கேட்டவுடனேயே காரணம் புரிந்திருக்கும்.

இவ்வளவும் போதாதென்று 2021 வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மந்திரிசபை முடிவெடுத்தது. அக்டோபர் 1-ஆம் நாள், இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு கொண்ட படைக்கலத் தொழிற்சாலை அமைப்பு கலைக்கப்பட்டது. 41 தொழிற்சாலைகள் 7 கம்பெனிகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் ஒரே இரவில் அரசு ஊழியர் என்ற நிலையிலிருந்து கம்பெனிக்கு ‘அயற்பணி’யாக அனுப்பப்பட்டவர் என்ற இரண்டுங்கெட்டான் நிலைக்குத் தள்ளப்பட்டனர். திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலைக்குக் கான்பூர் தலைமையகம். பக்கத்திலேயே இருக்கும் கனரக உலோக ஊடுருவிக் குண்டுத் தொழிற்சாலைக்கு வேறொரு கம்பெனி! துப்பாக்கி செய்கிறவன் ஒரு நிறுவனம், தோட்டாத் துறை இன்னொரு நிறுவனம். வெடிமருந்து மாறினால் வாயுத் துளை மாறவேண்டும் என்று வியட்நாமின் இரத்தத்தில் எழுதிய பாடத்தை இவர்கள் படித்த அழகு இது!

விஜயதசமியன்று புதுக் கம்பெனிகளுக்குத் திறப்பு விழா. ஆயுத பூஜைக்கு மறுநாள்! ஆயுதத்துக்குப் பொட்டு, ஆயுதம் செய்கிறவனுக்கு வேட்டு. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்துவிடுவார்களோ என்ற அச்சத்தால், அந்த ஜூன் 30-ஆம் நாளே அவசரச் சட்டம். ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டம். வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு, தூண்டினால் இரண்டாண்டு சிறை. அந்தச் சட்டத்துக்கு ஆயுள் ஓராண்டுதான். ஆனால் வந்த வேலை அந்த ஓராண்டுக்குள் முடிந்துவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுத் திருடியவன், திருடி முடித்ததும் பூட்டைத் திறந்துவிட்டதற்காக நன்றி கேட்கலாமா?

இறுதிக் காட்சி 2025 டிசம்பர் 30. கார்பைன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நான்கேகால் லட்சம் கார்பைன்கள். 2,770 கோடி ரூபாய். பெற்றவர் யார்? இரண்டரை லட்சத்துக்கு மேல் பாரத் ஃபோர்ஜ். எஞ்சியவை அதானி குழுமத்தின் பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ். பாரத் ஃபோர்ஜ் செய்யப்போகும் கார்பைனை வடித்தது யார்? புனேயில் இருக்கிற அதே அரசாங்க ஆராய்ச்சி நிலையம்! மக்கள் வரிப்பணத்திலே அறிவு. முதலாளியின் பெட்டியிலே ஆதாயம். கன்றுக்குப் பால் இல்லை என்று சொல்லிக் கறந்து, காப்பிக் கடைக்கு விற்கிற கதை.

“தனியார் தரமாகச் செய்வார்கள், விலையும் குறைவு” என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யட்டும், அவர்களுடைய பொறியாளர்களும் நம் நாட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். குறைந்த விலை எழுதியவர் டெண்டரை வென்றார். நாளை சியாச்சினில் ஒரு கார்பைன் சிக்கினால், துளையை ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விரிக்க வேண்டியிருந்தால், அந்தச் செலவு எந்த டெண்டரில் எழுதியிருக்கிறது? ஆர்டர் முடிந்ததும் பட்டறையை வேறு உருப்படிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை முதலாளிக்கு உண்டு. பதினைந்து ஆண்டு கழித்து அந்தத் துளையின் வரலாற்றைத் தெரிந்தவர் யார் இருப்பார்? துப்பாக்கி விற்பனையோடு முடிகிற பொருள் அன்று. பனியனும் அன்று, ஏற்றுமதி ஆர்டர் போனதும் மறந்துவிட. தலைமுறைக் கணக்கிலே திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். அதற்குத் தலைமுறைக் கணக்கிலே நிலைத்திருக்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்கு நிலைத்த வேலை வேண்டும்.

பல்லடத்தார்க்கு இதில் நேரடியான வழக்கும் உண்டு. 2019 ஜனவரி 20-ஆம் நாள் திருச்சியிலே மேடை போட்டு, தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தந்தோம் என்று முழங்கினார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து முனைகள். மூவாயிரம் கோடி முதலீடு என்றார்கள். கோவை முனை என்றால் சூலூரும் பல்லடமும் அதன் வாசற்படி. தறிக்கும் பம்புக்கும் உதிரிப் பாகம் கடையும் லேத்துப் பட்டறைகள் இந்த வட்டாரத்தில் எத்தனை! நூல் விலை ஏறினால் தறி நிற்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஐம்பது விழுக்காடு வரி போட்டதும் திருப்பூர் மூச்சுத் திணறிற்று. அப்படித் தவிக்கும் சிறு பட்டறைக்காரன், திருச்சித் தொழிற்சாலை ராணுவக் கார்பைனின் தாய்ப்பட்டறையாக இருந்திருந்தால், வாயு உருளையும் பிஸ்டனும் கடைந்து கொடுத்திருப்பான். வழித்தடம் போட்டார்கள், வண்டியை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள்.

நம்முடைய நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலே கேட்க வேண்டியவை இவைதாம். இந்த நான்கேகால் லட்சம் கார்பைன்களில் எத்தனையின் பாகங்கள் திருச்சியில் செய்யப்படும்? களத்திலே கண்ட பழுதைத் திருத்தும் பொறுப்பு, ஒப்பந்தக் காலத்துக்குப் பின் எந்தத் தொழிற்சாலைக்கு? படைவீரனும் ஃபிட்டரும் ஒரே சுடுதளத்தில் நிற்கும் நிலையான சோதனைக் குழு ஒன்றைத் திருச்சியிலே அமைக்க அரசாங்கம் ஒப்புகிறதா, இல்லையா? அயற்பணி என்ற பெயரிலே தொங்கவிடப்பட்டிருக்கும் தொழிலாளர்க்கு ஓய்வுபெறும் நாள்வரை அரசு ஊழியர் நிலை என்று சட்டத்திலே எழுதித் தருவார்களா? எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். எழுத்து மூலமாகப் பதில் வாங்க வேண்டும். வருகிற பதிலைப் பல்லடம் பேருந்து நிலையத்திலே கூட்டம் போட்டு வாசிப்போம்.